மணற்கோட்டையில் கவிழ்த்த பானை

மணற்கோட்டை என்று ஓர் ஊர் இருந்தது. இப்போது போய்த் தேடாதீர்கள், அகப்படாது. அது எந்தக் காலம் என்று கேட்டால், அரசர்கள் வெறுங்காலோடு வீதியில் நடந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேருக்கு ஏற்ற ஊர். வீதியெல்லாம் மணல், வாசலெல்லாம் மணல், கொல்லையெல்லாம் மணல். காக்கை நடந்தாலும் தடம் விழும், கள்ளன் நடந்தாலும் தடம் விழும்.

அதனால் அந்த ஊர்க் காவலுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வீட்டில் திருட்டுப் போனால் வீட்டுக்காரர் காவல் மண்டபத்துக்கு ஓடுவார். காவலன் வந்து பார்த்து, கள்ளனின் கால்தடங்களில் நன்றாகப் பதிந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன்மேல் ஒரு புதுப்பானையைக் கவிழ்ப்பான். பிறகு காற்றுக்கும் மழைக்கும் கோழிக்கும் அந்தத் தடம் அழியாது. கள்ளன் பிடிபட்டதும் அவன் காலை அந்தத் தடத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பொருந்தினால் எல்லோரும் பார்க்கப் பானையைப் போட்டு உடைப்பார்கள்.

பானை உடைந்தால் வழக்கு முடிந்தது. உடையாத பானை வீதியில் இருந்தால், யாரோ ஒருவர் பறிகொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார் என்று பொருள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இதைப் படித்துக்கொள்வார்கள்.

அந்தக் காவலுக்குத் தலைவன் சேந்தன். அவனுக்குக் கீழே முப்பது பேர். தடம் பார்ப்பதில் அவனுக்கு இணை அந்தச் சீமையில் கிடையாது. ஒரு தென்னை ஈர்க்கை மடியில் செருகியிருப்பான். பானையைத் தூக்கி, ஈர்க்கால் நீளமும் அகலமும் அளந்து, சற்று நேரம் குந்தி உட்கார்ந்து பார்ப்பான். இது மூட்டை சுமக்கிறவன் கால் என்பான். இது தறியில் உட்காருகிறவன் கால் என்பான். இது ஏர் பிடிக்கிறவன் கால் என்பான். பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

ஊரில் இரண்டு ஆண்டாக மழை பொய்த்திருந்தது. ஏரி மண்மேடிட்டுக் கிடந்தது. அதுவரை ஆண்டுக்கு மூன்று, நான்கு பானைதான் வீதியில் நிற்கும். அந்த ஆண்டு தேர்த் திருநாளன்று ஒன்பது பானை நின்றது.

தேர் நாளில் அரசன் தேருக்கு முன்னால் நான்கு வீதியும் நடப்பது அங்கே வழக்கம். அரசன் அழகவேள் நடந்தான். நெருக்கடியில் ஒன்பதாவது பானை அவன் கால் பெருவிரலைப் பதம் பார்த்துவிட்டது. அதனால்தான் அவனுக்குக் கோபம் வந்தது என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை, நாட்டின் மேலுள்ள அக்கறையாலும் வந்திருக்கலாம்.

மறுநாள் அவை கூடியது. அவையில் இரண்டு அமைச்சர்கள். ஒருவர் கூத்தனார், மற்றவர் நக்கனார். ஒருவர் கிழக்கு என்றால் மற்றவருக்கு மேற்குதான் பிடிக்கும்.

கூத்தனார் சொன்னார்: “முப்பது காவலர் எந்த மூலைக்கு? அறுபதாக்குங்கள். ஆளுக்கொரு வேல் கொடுங்கள். வேலைக் கண்டாலே கள்ளன் ஊரைவிட்டு ஓடிவிடுவான்.”

நக்கனார் சொன்னார்: “முப்பது பேர் தின்கிற நெல்லைக் கொண்டு ஏரியைத் தூர் வாரலாம். ஏரியில் தண்ணீர் நின்றால் ஊரில் வேலை இருக்கும். வேலை இருக்கிறவன் எதற்குச் சுவர் ஏறுகிறான்? காவலையே கலைத்துவிடுங்கள்.”

முதல் நாள் இதே பேச்சு. இரண்டாம் நாள் இதே பேச்சு. மூன்றாம் நாள் விசிறி வீசுகிறவர்களுக்கே இரண்டு பேர் சொல்வதும் மனப்பாடமாகிவிட்டது. இவ்வளவு பேசினார்களே, அந்த ஒன்பது வீட்டாரில் ஒருவரையாவது கூப்பிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்களா? கேட்கவில்லை. அது ஒருவருக்கும் தோன்றவே இல்லை.

கடைசியில் அரசன் கையை உயர்த்தினான். “அடுத்த தேர் நாளில் நான் மறுபடி நடப்பேன். வீதியில் ஒரு பானைகூட இல்லையென்றால் காவல் நன்றாக இருக்கிறது. கூத்தனார் கேட்டதைக் கொடுப்பேன். ஒரே ஒரு பானை இருந்தாலும் காவல் வீண். நக்கனார் கேட்டதைச் செய்வேன்” என்றான்.

எவ்வளவு தெளிவான தீர்ப்பு என்று அவை மெச்சியது. இரண்டு அமைச்சர்களும் தமக்குத்தான் வெற்றி என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சேந்தன் மட்டும் முப்பது அடுப்பை நினைத்துக்கொண்டு நடந்தான். அந்த முப்பது பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துச் சேர்த்தவன் அவன். காவலைக் கலைத்தால் அவர்கள் எங்கே போவார்கள்?

நான்கு மாதம் அவன் நாயாய் உழைத்தான். ஆறு கள்ளர்களைப் பிடித்து ஆறு பானையை உடைத்தான். ஆனால் அதற்குள் புதிதாக நான்கு திருட்டு நடந்து, நான்கு பானை முளைத்துவிட்டது. ஒன்பதில் ஆறு போய், நான்கு வந்து, ஏழு. ஊர் காய்ந்து கிடக்கும்போது கள்ளர் எண்ணிக்கை குறையவா செய்யும்?

அப்போதுதான் கீரன் என்ற காவலன் மெல்ல வாயைத் திறந்தான்.

“அண்ணே, பானையைக் கவுக்கறது யாரு?”

“நாமதான்.”

“நாம கவுக்காம விட்டுட்டா?”

“வாயை மூடுடா” என்றான் சேந்தன். ஆனால் வாயை மூடச் சொன்னவன் தன் காதை மூடிக்கொள்ளவில்லை. அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வாரம் ஓர் உப்பு வணிகன் வந்தான். ஒரு மூட்டை காணவில்லை என்றான். கீரன் அவனை மேலும் கீழும் பார்த்தான். “எங்கயாவது இறக்கி வச்சிட்டு மறந்திருப்ப. போய் நல்லாத் தேடு” என்றான். சேந்தன் பக்கத்தில்தான் இருந்தான். ஈர்க்கை எடுத்துப் பல் குத்திக்கொண்டிருந்தான்.

அதற்கடுத்து ஒரு நெசவாளி வந்தான். தறியிலிருந்து அறுத்த புடவை போய்விட்டது என்றான். “தடம் கலைஞ்சு கெடக்கு, பானை வச்சாலும் புண்ணியமில்ல” என்றான் கீரன். தடத்தைப் போய்ப் பார்க்காமலே சொன்னான். சேந்தன் அன்றும் பக்கத்தில்தான் இருந்தான்.

மூன்றாவதாக ஒரு கிழவி வந்தாள். ஆடு போய்விட்டது என்று அழுதாள். கீரன் அன்று ஊரில் இல்லை. சேந்தன்தான் எழுந்து வந்தான். “மேயப் போயிருக்கும் ஆத்தா, தானா வரும், போ” என்றான். அவனே சொன்னான். சொல்லும்போது சற்று நெஞ்சு உறுத்தியது. மறுமுறை சொல்லும்போது அவ்வளவு உறுத்தவில்லை.

நின்றிருந்த ஏழு பானையில் ஆறு வீட்டுக்காரர்களிடம் நயமாகப் பேசினான். இனிமேல் கிடைக்காது, பானை எதற்கு, தேர் நாளில் அரசர் காலில் இடறும் என்றான். அவர்களும் சரி என்று தலையாட்டினார்கள். காவல் தலைவனே கிடைக்காது என்று சொன்னால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? ஆறு பானையும் பட்டப்பகலில் மண்டபத்துக்குத் திரும்பி வந்தன.

வீதி துடைத்துவிட்டதுபோல் ஆயிற்று. கூத்தனார் அரசனிடம், “பார்த்தீர்களா, வேல் வரும் என்ற பேச்சுக்கே கள்ளர்கள் ஓடிவிட்டார்கள்” என்றார். நக்கனாருக்கு முகம் தொங்கிப்போனது. அரசன் சேந்தனுக்கு ஒரு பட்டு மேலாடை அனுப்பினான். அதைப் போர்த்திக்கொள்ள அவனுக்குக் கூசியது. ஆனாலும் போர்த்திக்கொண்டான்.

ஏழாவது பானை மட்டும் அசையவில்லை. அது துணி வணிகர் அரங்கனாரின் வாசலில் நின்றது. அவர் வீட்டு வெண்கலக் குத்துவிளக்கு போயிருந்தது. அவர் நயமான பேச்சுக்கு மயங்குகிற ஆள் இல்லை. அரசனோடு சரிசமமாக உட்கார்ந்து பேசுகிறவர். “விளக்கு வரட்டும், இல்லைன்னா கள்ளன் வரட்டும். அதுவரைக்கும் பானை இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டார்.

அந்தத் தடத்தைச் சேந்தன் முதல் நாளே படித்திருந்தான். குதிகால் ஆழமாக அழுந்தியிருந்தது, விரல்கள் இலேசாகப் பட்டிருந்தன. பின்னால் நடந்தே பிழைக்கிறவன் கால் அது. ஊரில் பின்னால் நடந்து பிழைக்கிறவர்கள் கயிறு திரிக்கிறவர்கள்தான். நாரை ஒரு முனையில் கட்டிவிட்டு, திரித்துக்கொண்டே பின்னால் பின்னால் போவார்கள்.

கயிற்றுக்காரத் தெருவில் இருபத்திரண்டு வீடு. ஏரியில் தண்ணீர் இல்லாததால் தேங்காய் மட்டை ஊறப்போட வழியில்லாமல், இரண்டு ஆண்டாக அந்தத் தெருவே சும்மா கிடந்தது. ஒவ்வொருவர் காலையும் அளந்து, விசாரித்து, ஆளைப் பிடிக்க எப்படியும் பதினைந்து நாள் ஆகும். முதலிலேயே செய்திருக்கலாம். வீதியைத் துடைக்கிற வேலையில் அது தள்ளிப் போய்விட்டது. இப்போது தேருக்கு எட்டே நாள்தான் இருந்தது.

கீரன் அதற்கும் வழி கண்டுபிடித்தான். “திருட்டுக்கு முந்தின நாள் அந்த வீட்டுக்குப் பானை கொண்டுபோனது குயவன் பூதன். அவன் காலும் ஏறக்குறைய அதே நீளம். எல்லாரும் பாக்க வச்சு உடைச்சிரலாம் அண்ணே.”

பூதன் களிமண் மிதிக்கிறவன். மிதித்து மிதித்து முன்னங்கால் பரந்து, விரல்தான் ஆழப் பதியும். குதிகால் தரையில் பட்டும் படாமலும் இருக்கும். இது சேந்தனுக்குத் தெரியாதா? கீரன் சொல்லி முடிக்குமுன்பே தெரியும். ஒரு பக்கம் முப்பது அடுப்பு, ஒரு பக்கம் ஒரு குயவன் என்று அவன் மனம் தராசு பிடித்தது. தட்டில் இன்னொன்றும் இருந்தது, அரசன் அனுப்பிய பட்டு. அதை அவன் பார்க்காததுபோல் இருந்துவிட்டான்.

அன்று நண்பகலில் நான்கு காவலரோடு அவன் வடக்கு வீதி முனையில் இருந்த குயவர் வீட்டுக்குப் போனான். வாசல் நிறையப் பானையும் சட்டியும் அடுக்கிக் கிடந்தன. பூதன் கையில் களிமண்ணோடு எழுந்து வந்தான். அவன் மனைவி மருதி கதவோரம் நின்றாள். கீரன்தான் பேசினான், சேந்தன் வாசல்படிக்கு முன்னால் நின்றுவிட்டான்.

அரங்கனார் வாசலில் பூதனின் காலைத் தடத்தின்மேல் வைத்து அழுத்தினார்கள். அழுத்திய காலுக்குத் தடம் பொருந்தாமல் என்ன செய்யும்? எல்லோரும் சேந்தனைப் பார்த்தார்கள். சேந்தன் தலையை அசைத்தான். ஏழாவது பானையும் உடைந்தது.

திருடனுக்கு அந்த ஊரில் தண்டனை, தேர் நிலைக்கு வந்ததும் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி ஊர்வாசலுக்கு வெளியே தள்ளுவது. தள்ளப்பட்டவன் திரும்பி வரக்கூடாது. வந்தால் கண்ட இடத்தில் அடிக்கலாம்.

மருதி மூன்று முறை சேந்தனிடம் வந்தாள்.

முதல்முறை காவல் மண்டபத்துக்கு வந்தாள். “தலைவரே, அந்தத் தடத்த நீங்க பாத்தீங்களா?” என்றாள். பார்த்தேன் என்றான்.

இரண்டாம்முறை குளத்தங்கரையில் வழிமறித்தாள். “குதிகாலப் பாத்தீங்களா?” என்றாள். சேந்தன் விலகி நடந்தான்.

மூன்றாம்முறை அவன் வீட்டுக்கே வந்தாள். அவன் சோற்றில் கை வைத்திருந்த நேரம். இந்த முறை அவள் எதையும் கேட்கவில்லை.

“எங்க வீட்டுப் பானை மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு காவல் மண்டபத்துக்கு வரும். எட்டு மாசமா ஒண்ணுகூட நீங்க வாங்கல. ஆனா ஊர்ச்சனங்க வந்து ஒண்ணு ஒண்ணா வாங்கிட்டுப் போனாங்க. நாப்பத்தி மூணு பானை. எதுக்குன்னு கேட்டேன். கொல்லையில கள்ளன் தடம் கெடக்கு, நாங்களே கவுத்து வச்சிருக்கோம்னாங்க. காவலே வரமாட்டேங்குது, கவுத்து என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். என்னிக்காவது யாராவது வந்து பாக்க மாட்டாங்களான்னாங்க.”

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். சேந்தன் சோற்றைத் தள்ளி வைத்தான். நாற்பத்து மூன்று வீட்டில் கவிழ்ந்த பானையைப் பார்த்துக்கொண்டு, வருவான் வருவான் என்று அவனைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவனோ ஊரில் திருட்டே இல்லை என்று பட்டு வாங்கிக்கொண்டவன். வெட்கமாக இருந்தது. இருந்தும் அவன் அன்றும் அசையவில்லை. இன்னும் இரண்டு நாள்தானே, தேர் ஓடிவிட்டால் அறுபது பேர் கிடைப்பார்கள், அறுபது பேரை வைத்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தப்புச் செய்கிறவர்கள் எல்லோரும் நாளைக்குத்தான் நல்லவர்களாவார்கள்.

தேர் நாள் வந்தது. அரசன் வெறுங்காலோடு முன்னால் நடந்தான். வலப்பக்கம் கூத்தனார், இடப்பக்கம் நக்கனார், ஓர் அடி பின்னால் சேந்தன்.

கிழக்கு வீதியில் ஒரு பானை இல்லை. கூத்தனார் புன்னகைத்தார். தெற்கு வீதியில் ஒரு பானை இல்லை. கூத்தனார் வாய்விட்டுச் சிரித்தார். மேற்கு வீதியில் ஒரு பானை இல்லை. நக்கனாருக்கு நடையே தளர்ந்துவிட்டது.

வடக்கு வீதி முனை திரும்பினார்கள். தேருக்கு வழிவிடுவதற்காக மருதி தன் வாசலில் இருந்த பானை சட்டியையெல்லாம் உள்ளே எடுத்து வைத்திருந்தாள். ஒன்றே ஒன்றை மட்டும் எடுக்கவில்லை. வாசல்படிக்கு முன்னால், வீதியோரம், அது கவிழ்ந்து நின்றது. எட்டு நாளாக அங்கேயேதான் நின்றது. குயவர் வீட்டு வாசலில் ஒரு பானை கவிழ்ந்திருந்தால் யார் கவனிப்பார்கள்?

அரசன் நின்றான். “இது என்ன?”

மருதி படியிறங்கி வந்து கும்பிட்டாள். “திருட்டுப் போயிருச்சு மகாராசா.”

“என்ன போயிற்று?”

“எங்க வீட்டுக்காரரு.”

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அரசன் சிரிக்கவில்லை. “கள்ளன் யார்?” என்று கேட்டான்.

“கீழ தடம் இருக்கு. அதைப் படிக்கத் தெரிஞ்சவரு உங்க பின்னாலதான் நிக்கறாரு.”

அரசன் திரும்பிப் பார்த்தான். “படி” என்றான்.

சேந்தன் குந்தி உட்கார்ந்து பானையைத் தூக்கினான். ஒரே பார்வைதான். பிறந்ததிலிருந்து தன்னோடு வருகிற காலை யாருக்குத்தான் தெரியாது? பூதனைப் பிடிக்க வந்த அன்று அவன் நின்ற இடம் அது. அவர்கள் போனதும் அந்தத் தடத்தின்மேல் அவள் பானையைக் கவிழ்த்திருக்கிறாள்.

தடம் கலைந்திருக்கிறது என்று சொன்னால் போதும். நெசவாளியிடம் சொன்ன அதே சொல். அந்த ஊரில் அவனை மறுத்துப் பேச இன்னொரு தடம்பார்ப்பவன் இல்லை. அரசன் நம்புவான், தேர் நகரும், மாலைக்குள் பூதனை வெளியே தள்ளிவிடுவார்கள், முப்பது அடுப்பு அறுபதாகும். அவன் நாக்கின் நுனிவரை அது வந்துவிட்டது.

அவன் மடியிலிருந்து ஈர்க்கை எடுத்தான். நீளத்தை அளந்தான், அகலத்தை அளந்தான். பிறகு பேசினான்.

“வலது கால். தடம் ஒண்ணு போல இருக்கு, ஆனா ரெண்டு. முதல்ல முன்னால வச்சிருக்கான், அப்புறம் பின்வாங்கி, மறுபடி அதே இடத்துல வச்சிருக்கான். தயங்கியிருக்கான். தெரியாமச் செய்யறவன் தயங்க மாட்டான். இவன் தெரிஞ்சே செஞ்சிருக்கான்.”

“யார் அவன்?”

“நான்தான், அரசே.”

 சேந்தன் எழுந்திருக்கவில்லை. உப்பு மூட்டையிலிருந்து குத்துவிளக்குவரை ஒன்று விடாமல் சொன்னான். பூதன் கள்ளன் அல்ல என்றான். கள்ளன் கயிற்றுக்காரத் தெருவில் இருக்கிறான் என்றான். நாற்பத்து மூன்று பானை கொல்லைகளில் இருக்கிறது என்றான். அரசன் நம்பாமல் பக்கத்தில் இருந்த மூன்று வீட்டுக் கொல்லைக்குப் போய்ப் பார்த்தான். மூன்றிலும் இருந்தது.

நக்கனார் உடனே, “பானை அகப்பட்டுவிட்டது, காவலைக் கலையுங்கள்” என்றார். கூத்தனார் உடனே, “நாற்பத்து மூன்று திருட்டா? அறுபது போதாது, தொண்ணூறு வேண்டும்” என்றார். அரசன் இருவரையும் பார்த்தான். ஓராண்டுக்கு முன் பேசிய அதே பேச்சு. முதல்முறையாக அவனுக்கு அது அலுத்தது.

அவன் மருதியின் பக்கம் திரும்பினான். “நீ சொல். காவலைக் கூட்டட்டுமா, குறைக்கட்டுமா?”

“கூட வையுங்க, குறைச்சு வையுங்க, அது உங்க பாடு மகாராசா. பானையைக் கவுக்கறதும் எடுக்கறதும் பறிகொடுத்தவங்க கையில இருக்கட்டும்.”

 அவ்விடத்திலேயே ஆணை பிறந்தது. இனிப் பறிகொடுத்தவர்தான் பானையைக் கவிழ்ப்பார், பறிகொடுத்தவர்தான் எடுப்பார் அல்லது உடைப்பார். காவலனோ அமைச்சனோ அரசனோ அதில் கை வைக்கக்கூடாது. காவலர் முப்பது பேரும் இருக்கட்டும். வேல் வாங்க ஒதுக்கிய நெல் ஏரிக்குப் போகட்டும். பூதனை அப்போதே அவிழ்த்துவிட்டார்கள். கீரனைக் காவலிலிருந்து நீக்கினார்கள். சேந்தன் தலைமை இழந்தான். வடக்கு வீதிக்குச் சாதாரணக் காவலனாகப் போகச் சொன்னார்கள், போனான்.

பதினெட்டு நாள் அளந்து கயிற்றுக்காரத் தெருவில் விளக்குக் கள்ளனைப் பிடித்தது அவன்தான். பிள்ளைகளுக்குக் கஞ்சி இல்லாமல் எடுத்தேன் என்று அந்த ஆள் ஒத்துக்கொண்டான். அரசன் அவனை வெளியே தள்ளவில்லை, ஏரியில் மண் சுமக்க அனுப்பினான். அந்தத் தெருவிலிருந்து இன்னும் பதினைந்து பேர் கேட்காமலே அவன் பின்னால் போனார்கள்.

எல்லாம் சரியாயிற்று என்பீர்கள். ஒன்று மட்டும் ஆகவில்லை. மருதி தன் வாசல் பானையை அதே தடத்தின்மேல் மறுபடி கவிழ்த்தாள், உடைக்கவில்லை. கணவன் வீட்டுக்கு வந்த பிறகும் உடைக்கவில்லை. தன் கால்தடத்தைத் தினமும் சுற்றிக்கொண்டு சேந்தன் வீதியில் நடந்தான்.

அடுத்த ஆண்டு தேர் புறப்பட்டது. வீதியில் பதினோரு பானை நின்றது. அரசன் எண்ணிக்கொண்டே நடந்தான். கோபப்படவில்லை, ஒவ்வொன்றிலும் நின்று விசாரித்தான். வடக்கு வீதியில் தேர் ஓரமாக இழுத்துக்கொண்டு போய், மருதியின் பானைக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. சக்கரம் உருண்டால் பானை நொறுங்கும். தேரைப் பின்னால் தள்ளவும் முடியாது.

எடுத்துவிடலாம் என்று ஒருவர் குனிந்தார். அரசன் தடுத்தான். “நாம் கை வைக்கக்கூடாது” என்றான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தேர், முந்நூறு பேர் பிடித்த வடம், இரண்டு அமைச்சர்கள், ஓர் அரசன், எல்லோரும் ஒரு மண்பானைக்காகக் காத்து நின்றார்கள்.

சேந்தன் படியண்டை போய் நின்றான். ஓராண்டாக அவன் அவளிடம் பேசியதே இல்லை. “தப்புப் பண்ணிட்டேன் தாயி” என்றான்.

மருதி வெளியே வந்தாள். “இந்த ஒரு வருசத்துல எத்தனை பேரைத் திருப்பி அனுப்புனீங்க?”

“ஒருத்தரையும் இல்ல.”

அவள் அவனை நம்பிவிடவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். “அவரு சொல்றது நெசமா?”

 ஒரு மோர்க்காரி முன்னால் வந்தாள். அவளுடைய பித்தளைச் செம்பு நான்கு மாதம் முன்பு போயிருந்தது. “என் செம்பு இன்னும் கிடைக்கல” என்றாள். “ஆனா வந்து பாத்தாரு. மூணு தரம் வந்தாரு. என் பானை இன்னும் என் வாசல்லதான் இருக்கு, எடுக்கச் சொல்லி ஒரு நாளும் கேக்கல.”

மருதி குனிந்து பானையை எடுத்தாள். எல்லோரும் பார்க்கத் தரையில் போட்டு உடைத்தாள். ஓடுகளையெல்லாம் காலால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். தேர் நகர்ந்தது, சக்கரம் அந்தத் தடத்தின்மேல் ஏறிப் போயிற்று.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்கிற நீதி இதுதான்: காவல் சரியாக நடக்கிறதா என்று சொல்ல வேண்டியவர் காவலரும் அல்ல, அரசரும் அல்ல, பறிகொடுத்தவரே.